கொழும்புவரை காப்புறுதி, அதற்கு அப்பால்?

வணக்கம் நேயர்களே. திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளியில் சுழியோடிகளின் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்ப ஒரு கொம்பிரசர் வேண்டும், வெளிநாட்டிலிருந்து எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எடை 120 கிலோ, விலை 15,000 டொலர். எல்லாம் பேசி முடிந்த பிறகு ஏஜென்ட் கேட்பார்: "காப்புறுதி போடுவமா, விடுவமா?" நம் ஆட்களில் பலர் உடனே சொல்வது, "கப்பல்காரன் உடைத்தால் கப்பல்காரன்தானே தரவேணும்?"

தருவான். எவ்வளவு தருவான் என்பதில்தான் சிக்கல். கடல்வழிச் சரக்குக்குப் பல நாடுகளில் ஹேக்-விஸ்பி விதிகள் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர்., அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்.; இரண்டில் எது கூடவோ அதுதான் கப்பல் நிறுவனத்தின் பொறுப்பின் எல்லை. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. ஒன்று ஏறக்குறைய 1.3 முதல் 1.4 டொலர் வரை வரும். நம் கொம்பிரசர் ஒரே பெட்டிதான். ஆகவே கிடைப்பது சுமார் 900 டொலர். மிச்சம் 14,000 டொலருக்கு மேல் உங்கள் தலையில். விமானத்தில் கொண்டுவந்தால் நிலைமை கொஞ்சம் மேல்: மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர்., அதாவது இந்தப் பெட்டிக்கு நாலாயிரம் டொலரைத் தாண்டும். அதுவும் முழு விலையில் மூன்றில் ஒன்றுக்குக் கிட்டத்தான்.

அந்த 900 டொலர்கூடக் கட்டாயம் கிடைக்கும் என்றில்லை. கப்பலைச் செலுத்துவதில் மாலுமிகள் விட்ட தவறால் சேதம் வந்தால், அதே விதிகள் கப்பல் நிறுவனத்தை விடுவித்துவிடுகின்றன. கேட்க அநியாயமாக இருக்கும், ஆனாலும் எழுதியிருப்பது அப்படித்தான்.

இதற்காக எல்லாவற்றுக்கும் காப்புறுதி போடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. உப்புவெளி ஹோட்டலுக்கு மாதாமாதம் பீங்கான் கோப்பை எடுப்பவருக்கு ஒவ்வொரு தடவையும் நாலைந்து உடையத்தான் செய்யும். அதை விலையில் சேர்த்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். பொலிசியில் நீங்களே தாங்கவேண்டிய ஆரம்பத் தொகை ஒன்று இருந்தால், அந்த நாலைந்து கோப்பைக்குக் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து ஒன்றும் வராது. ஒரே பெட்டி போனால் தொழிலே படுத்துவிடும் என்ற சரக்குக்குத்தான் காப்புறுதி. சாதாரண இயந்திரத்துக்குப் பிரீமியம் பெரும்பாலும் பெறுமதியில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே வரும். போடும்போது பொருளின் விலையோடு கப்பல் கட்டணத்தையும் சேர்த்து, மேலே 10 வீதம் வைத்துப் போடுவது வழக்கம்.

"விற்கிறவர் காப்புறுதியும் சேர்த்துத்தான் விலை சொன்னார்" என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். எனக்கு அதிகம் கவலை தருவது இந்த நிம்மதிதான். பொருள், காப்புறுதி, கப்பல் கட்டணம் மூன்றும் சேர்ந்த சி.ஐ.எஃப். விலை என்றால், இன்கோடேர்ம்ஸ் 2020 என்ற சர்வதேச வியாபார விதிப்படி விற்பவர் எடுக்கவேண்டியது ஆகக் குறைந்த காப்புறுதி, அதாவது 'சி' பிரிவு. தீ, கப்பல் மூழ்குதல், தரைதட்டுதல், மோதல், லொறி கவிழ்தல் போன்றவை அதில் அடங்கும். களவு அடங்காது. கடல்நீர் உள்ளே புகுந்தால் அடங்காது. துறைமுகத்தில் கிரேனிலிருந்து பெட்டி நழுவி விழுந்தாலும் அடங்காது. விலையுயர்ந்த இயந்திரத்துக்கு, விலக்கியவை தவிர மற்றதெல்லாம் அடங்கும் 'ஏ' பிரிவுதான் பொருத்தம். அதை விற்பவரிடம் முன்பே கேட்டு எழுதி வாங்கவேண்டும்.

அப்புறம் காப்புறுதிப் பத்திரத்தில் போய்ச்சேரும் இடம் என்ன என்று பாருங்கள். அங்கே 'கொழும்பு' என்று மட்டும் இருந்தால் திருகோணமலைக்காரருக்குப் பாதிக் கிணறு தாண்டிய கதைதான். நம் துறைமுகம் பெரிது, ஆழமானது. ஆனால் கோதுமையும் சீமெந்துக்கான கிளிங்கரும் போன்ற மொத்தச் சரக்குத்தான் இங்கே அதிகம். கொண்டெய்னர்கள் இறங்குவது கொழும்பில். அங்கிருந்து ஏறக்குறைய 260 கிலோமீட்டர் லொறிப் பயணம். ஹபரணை தாண்டினால் இரவில் யானை குறுக்கே வரும், சாரதி சடாரென்று பிரேக் அடிப்பார். வாடைக் காலமென்றால் படங்குக்குள்ளாலும் மழை இறங்கும். கடைசியில் போர்க்லிஃப்ட் இல்லாத இடத்தில் ஆறேழு பேர் கைபிடித்து இறக்குவார்கள். பெட்டி விழுவதென்றால் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் விழும். பத்திரத்தில் 'நிலாவெளி' என்று சேரிடம் இருந்தால், இந்த ஏ, சி பிரிவுகளின் 2009 இல் திருத்திய நிபந்தனைகளின்படி அங்கே லொறியிலிருந்து இறக்கி முடியும்வரை காப்புறுதி உண்டு. ஆனால் கப்பலிலிருந்து இறக்கி 60 நாள் கடந்தால் அது முடிந்துவிடும். சுங்கத்தில் பொருள் இழுபட்டால் இந்தக் கணக்கையும் மறக்கக்கூடாது.

உங்கள் பெட்டிக்குக் கீறல்கூட விழாமல் நட்டம் வருவதும் உண்டு. 2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில் பாலத்தை மோதி விழுத்திய 'டாலி' கப்பல் கொழும்புக்கு வரவிருந்த கப்பல். பிறகு அதன் உரிமையாளர்கள் 'ஜெனரல் அவரேஜ்' அறிவித்தார்கள். ஆபத்திலிருந்து கப்பலையும் சரக்கையும் காப்பாற்றச் செய்த செலவைச் சரக்கு உரிமையாளர்களும் பெறுமதிக்கேற்பப் பங்குபோடும் பழைய கடல் வழக்கம் அது. காப்புறுதி இருந்தால் நிறுவனம் உத்தரவாதக் கடிதம் கொடுக்கும். இல்லாவிட்டால் நீங்கள் காசை வைப்புச் செய்யும்வரை பெட்டியை விடமாட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் 'சி' பிரிவும் கைகொடுக்கும்.

'ஏ' பிரிவு என்றாலும் தராதவை இருக்கின்றன. பொதி சரியில்லாமல் வந்த சேதம், தாமதத்தால் வந்த நட்டம், பொருளின் இயல்பாலேயே வந்த கேடு, இவை வெளியே. பாவித்த இயந்திரத்துக்குக் கீறல், நெளிவு எல்லாம் பெரும்பாலும் கழித்துத்தான் பொலிசி தருவார்கள். ஆகவே மரப்பெட்டி அடிக்கச் சொல்லுங்கள். அதிர்ச்சி பட்டால் சிவக்கும் ஒட்டி ஒன்றையும் பெட்டியில் ஒட்டச் சொல்லுங்கள், அதற்குச் செலவு சொற்பம்.

சரி, லொறி வாசலுக்கு வந்துவிட்டது. சாரதி அவசரப்படுத்துவார், அவருக்குத் திரும்பிப் போகவேண்டும். பரவாயில்லை, ஒரு தேத்தண்ணி கொடுத்து நிற்கச் சொல்லுங்கள். பெட்டி நெளிந்திருந்தால் அல்லது ஒட்டி சிவந்திருந்தால், கையெழுத்துப் போடும் பற்றுச்சீட்டிலேயே அதை எழுதுங்கள். வெறுமனே ஒப்பமிட்டால் சரக்கு நல்லபடி வந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். படம் எடுங்கள். வெளியே தெரியாத சேதமென்றால் கப்பல் நிறுவனத்துக்கு மூன்று நாளுக்குள் எழுத்தில் அறிவிக்கவேண்டும். வழக்குப் போடுவதானால் ஒரு வருடம்தான். காப்புறுதி நிறுவனத்துக்கு அன்றைக்கே சொல்லி, சேதத்தை மதிப்பிடும் சேர்வேயர் வந்து பார்க்கும்வரை உடைந்த பலகையையும் பஞ்சையும்கூட எறியாமல் வைத்திருங்கள். வணக்கம்.