சதவீதம் ஏறினால் தனிமம் சேர்ந்ததா? ஐசோகான் வரைபடம்

[திரையில்: ஒரே பாறையின் இரண்டு துண்டுகள், ஒன்று புதியது, மற்றது வெளிறிப்போனது]

வெந்நீர்க் கரைசல் பாறைக்குள் புகுந்தால் சில தனிமங்களை அரித்துக்கொண்டு போகும், சிலவற்றைப் புதிதாகச் சேர்த்துவிட்டுச் செல்லும். எது எவ்வளவு போனது? ஆய்வக எண்களை அருகருகே வைத்துக் கழித்தால் தெரிந்துவிடும் என்று தோன்றும். தெரியாது. அவை சதவீதங்கள், கூட்டினால் எப்போதும் 100. சிலிக்கா நிறைய வெளியேறினால், இம்மியும் நகராத அலுமினாவின் சதவீதம் தானாக ஏறிவிடும்.

இதற்கு 1967இல் கிரெசென்ஸ் என்ற புவியியலாளர் ஒரு சமன்பாடு கொடுத்தார். 1986இல் கிராண்ட் என்ற இன்னொரு புவியியலாளர் அதை எளிய வரைபடமாக்கினார்.

[திரையில்: அச்சுகள், ஒவ்வொன்றாக விழும் புள்ளிகள்]

கிடை அச்சில் மூலப்பாறை, செங்குத்து அச்சில் மாறிய பாறை. ஒரு தனிமத்துக்கு, அல்லது அதன் ஆக்சைடுக்கு, ஒரு புள்ளி. கணக்குக்காக ஒரு பாறையை வைத்துக்கொள்வோம். அலுமினா 15 சதவீதத்திலிருந்து 20. டைட்டானியம் ஆக்சைடு 0.9இலிருந்து 1.2. சிர்கோனியம் 180 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 180 பங்கு) இருந்தது, இப்போது 240. டைட்டானியத்தை 10ஆல் பெருக்கியும் சிர்கோனியத்தை 10ஆல் வகுத்தும் ஒரே தாளில் அடக்கலாம். இரண்டு பாறைக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்தினால் சாய்வு மாறாது.

மூன்றும் தொடக்கப்புள்ளியிலிருந்து கிளம்பும் ஒரே கோட்டில் விழுகின்றன. மூன்றும் ஒரே விகிதத்தில் ஏறியிருப்பதால் இவை நகராதவை என்று கொள்ளலாம்; நகராதவற்றின் இந்தக் கோடுதான் ஐசோகான். சாய்வு 4/3. தலைகீழாக்கினால் 0.75, அதாவது 100 கிராம் பாறையில் மிஞ்சியது 75 கிராம்.

சரி, இப்போது மற்ற புள்ளிகள். கோட்டுக்கு மேலே இருந்தால் சேர்ந்தவை, கீழே இருந்தால் இழந்தவை. சிலிக்கா 60இலிருந்து 56. நாலுதான் குறைந்தது போலத் தெரிகிறது. 56ஐ 0.75ஆல் பெருக்குங்கள்: 42. போனது 18 கிராம்! கால்சியம் ஆக்சைடு இன்னும் அருமை. 5இலிருந்து 6 ஆக ஏறியிருக்கிறது, ஆனால் புள்ளி கோட்டுக்குக் கீழே. மிஞ்சியது 4.5 கிராம், ஆக இழப்புதான். இந்த ஒரு புள்ளிக்காகவே இந்த வரைபடம் எனக்குப் பிடிக்கும்.

[திரையில்: ஒரே கோட்டில் சேராத புள்ளிகள்]

அலுமினா மட்டும் நகரவில்லை என்று முன்கூட்டியே முடிவுகட்டிக் கோடு போடாதீர்கள். பல தனிமங்கள் ஒத்துப்போக வேண்டும். ஒப்பிடும் புதிய பாறையும் உண்மையான மூலப்பாறையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய வேறுபாடு புதிய இழப்பாகத் தெரியும். ஃப்ளூரின் மிகுந்த கரைசலில் சிர்கோனியமே நகரலாம். அங்கே அலுமினா ஒரு சாய்வும் சிர்கோனியம் வேறு சாய்வும் காட்டினால், முதலில் நுண்ணோக்கியில் சிர்கோனியத்தைத் தாங்கும் கனிமமான சிர்கானின் மணிகளைப் பாருங்கள்: அரிக்கப்பட்டிருக்கின்றனவா, புதிதாக வளர்ந்திருக்கின்றனவா? அப்புறம் கோடு போடலாம்.