செல் இல்லாத குழி

அவையோருக்கு வணக்கம். பொதிகை அடிவாரத்துப் பிள்ளைகளிடம், அதுவும் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற பாளையங்கோட்டையில், மூலிகைப் பெருமை பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. அதனால் மூலிகைச் சாறு புற்றுநோய்ச் செல்லைக் கொல்கிறதா, வீக்கத்தைத் தணிக்கிறதா என்று பார்க்கும் ஆய்வகச் சோதனை எங்கே ஏமாற்றும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் செடியே ஏமாற்றும். சிறியாநங்கை, பெரியாநங்கை என்ற பெயர்கள் ஊருக்கு ஊர் வேறு செடிக்குப் போகும். பூவோடு ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, தாவரவியலாரிடம் பெயரை உறுதி செய்த பிறகே அரையுங்கள். குற்றாலச் சாரல் காலத்தில் பறித்த இலை நிழலில் காயாது, பூஞ்சை பிடிக்கும். 40 டிகிரி ஓவனில் வையுங்கள். 100 கிராம் பொடிக்கு ஒரு லிட்டர் 70 சதவீத எத்தனால், மூன்று நாள் ஊறல். வடிகட்டிச் சுண்டவைத்த சாறு எத்தனை கிராம் என்று எழுதிவையுங்கள்.

இனி புற்றுநோய்ச் செல். 96 குழித் தட்டில் குழிக்கு 5,000 முதல் 10,000 செல். ஒரு நாள் ஒட்டவிட்டு, சாற்றைப் பல அளவுகளில் சேர்த்து 48 மணி நேரம் 37 டிகிரியில் வைப்போம். சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ குழியில் 0.5 சதவீதத்தைத் தாண்டினால், கொன்றது செடியா கரைப்பானா என்று தெரியாது. பிறகு எம்டிடி. உயிருள்ள செல் இந்த மஞ்சள் சாயத்தை ஊதாப் படிகமாக்கும்; அதைக் கரைத்து 570 நானோமீட்டரில் அளப்போம். ஊதா குறைந்தால் செல் செத்தது என்று கணக்கு.

கணக்கு தப்புவது இங்கேதான். கடுக்காய், நெல்லி போன்ற துவர்ப்புச் சரக்கின் பாலிபீனால்கள் செல்லே இல்லாமல் எம்டிடியை ஊதாவாக்கிவிடும். செத்த குழியும் உயிரோடிருப்பதாகக் காட்டும். ஒரு வரிசையில் செல் போடாமல் சாறும் எம்டிடியும் மட்டும் விட்டுப் பாருங்கள். நாலு மணி நேரத்தில் ஊதா தெரிந்தால், மற்றக் குழிகளில் எம்டிடி இடுமுன் செல் வளர்ந்த பழைய ஊட்டநீரை உறிஞ்சிவிட்டு, பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலைச் சுவரோரமாக ஊற்றி இருமுறை கழுவ வேண்டும். பிப்பெட் நுனி அடியில் பட்டால் உயிருள்ள செல்லும் பெயர்ந்துபோகும்.

பாதிச் செல்லைக் கொல்ல மில்லிலிட்டருக்கு 500 மைக்ரோகிராம் சாறு தேவைப்பட்டதைச் சாதனையாக எழுதாதீர்கள். 20, 30க்குள் வந்தால் மேலே போகலாம். புற்றுநோய் இல்லாத நல்ல செல்லிலும் சோதியுங்கள். செல்லைக் கொல்ல அரளி போதுமே! நித்தியகல்யாணி புற்றுநோய் மருந்தானதும் சாறாக அல்ல, 1958இல் கனடாவில் ஆய்வாளர்கள் நோபிளும் பியரும் அதிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற மருந்துப்பொருளைத் தனியே பிரித்த வழியில்.

வீக்கத்துக்கு, முட்டை வெண்கருவைச் சாற்றோடு சூடாக்கிக் கலங்கலை அளப்பது மலிவு; கலங்கல் குறைந்தால் சாறு வீக்கத்தைத் தணிக்கும் என்று கணக்கு. ஆனால் துவர்ப்பே புரதத்தைத் திரித்துவிடும். ஆர்ஏடபிள்யூ 264.7 என்ற சுண்டெலி நோயெதிர்ப்புச் செல்லை, எல்பிஎஸ் என்ற பாக்டீரியா உறைப்பொருள் கொடுத்துத் தூண்டி, வீக்கத்தில் பெருகும் நைட்ரைட்டை அளப்பது மேல். நைட்ரைட் குறைந்தது வீக்கம் தணிந்தா, செல் செத்தா? மேல்நீரை அந்த அளவீட்டுக்கு எடுத்துக்கொண்டு, அடியில் நிற்கும் செல்லுக்கு அன்றே எம்டிடி போடுங்கள், தனித்தட்டு வேண்டாம்.