வீட்டுக்கு வீடு வாசற்படி

(செட்டிநாட்டில் கானாடுகாத்தானை அடுத்த எங்கள் ஊரில், மன்றத்தின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம். கைதட்டலையும் இருமலையும் நீக்கியிருக்கிறேன்.)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவி அவர்களே, இரண்டே நிமிடம் வாழ்த்துகிறேன் என்று ஒலிபெருக்கியை வாங்கி, எனக்குக் கொடுத்த நேரத்தில் பாதியையும் சேர்த்து வாழ்த்தி முடித்த வங்கி மேலாளர் அவர்களே, பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இந்த விழாவுக்காகவே வந்திருக்கும் பிள்ளைகளே, முன்வரிசை முழுவதையும் பிடித்துக்கொண்ட ஆச்சிமார்களே, தூண் மறைவில் வசதியாகச் சாய்ந்திருக்கும் ஆண்மக்களே, அனைவருக்கும் வணக்கம்.

கோவில் காரியக்காரர் ஐயாவின் பெயரை விட்டுவிட்டேன் என்று செயலாளர் சைகை காட்டுகிறார். விடவில்லை, தனியாகச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். இந்தப் பந்தல், இந்த மின்விசிறி, பின்கட்டில் தயாராகிக்கொண்டிருக்கும் இரவுச் சாப்பாடு எல்லாம் அவருடைய உபயம். வாசனை மேடை வரைக்கும் வருகிறது. ஆகவே நான் நீட்டிப் பேசினால் யாரும் கேட்கப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும்.

‘ஆணும் பெண்ணும் அன்றாட மகிழ்ச்சியும்’ என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். வம்பான தலைப்பு. ஆண்களைப் புகழ்ந்தால் வீட்டில் சோறு கிடையாது. பெண்களைப் புகழ்ந்தால் நாளை டீக்கடைப் பெஞ்சில் இடம் கிடையாது. எனக்குத் துணை ஒரே ஒரு பழமொழி: வீட்டுக்கு வீடு வாசற்படி. என் பேச்சை முன்பு கேட்டவர்கள் இதை எதிர்பார்த்திருப்பீர்கள். இன்னும் சில முறை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் சா. கணேசன் அவர்கள் 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கி, பட்டிமண்டபத்தை வளர்த்த மண் இது. காப்பியத்தில் வரும் பெண்களுக்காக இந்த மண்ணில் அறிஞர்கள் மேடையேறி வாதாடினார்கள். கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினார்கள். இன்றைக்கு ஆண், பெண் என்று தலைப்பு வைத்தால் போதும், பேச வருகிறவர் தன் மனைவியின் சமையலைக் கிண்டல் செய்து கைதட்டல் வாங்கிக்கொண்டு, அவர் கட்டிக் கொடுத்த சாப்பாட்டையே தின்றுவிட்டு ஊர் திரும்புகிறார். அந்த வேலையை இந்த மேடையில் நான் செய்யமாட்டேன்.

மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். ஒன்று, பேச்சு. இரண்டு, பணம். மூன்று, முதுமை.

பேச்சிலிருந்து தொடங்குவோம். நம் வீடுகளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். முகப்பில் ஆண்கள். கணக்குப்பிள்ளை, பேரேடு, வந்தவரோடு பேச்சு எல்லாம் அங்கே. அதைத் தாண்டினால் வளவு, நடுவில் முற்றம். அதற்கும் பின்னால் இரண்டாங்கட்டு, அடுப்படி, கிணற்றடி. அது ஆச்சிமார் ராஜ்ஜியம். ஒரு தெருவில் தலைவாசல் இருந்தால் அடுத்த தெருவில் புழக்கடை வாசல் இருக்கும். இப்படிப்பட்ட வீட்டில் கணவனும் மனைவியும் கோபித்துக்கொண்டால் என்ன ஆகும்?

பள்ளத்தூர்ப் பக்கம், எங்கள் உறவில் ஒரு ஐயா, ஒரு ஆச்சி. இருவருமே இன்று இல்லை. இருந்திருந்தால் இதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வந்திருக்காது. ஒருநாள் மாலை பேச்சுவாக்கில், எப்போதோ தேவகோட்டையில் நடந்த ஒரு கல்யாணத்தின் நினைவு வந்திருக்கிறது. அந்தக் கல்யாணத்தில் இடைப்பலகாரத்துக்குக் கந்தரப்பம் போட்டார்கள் என்றார் ஐயா. வெள்ளைப் பணியாரம் என்றார் ஆச்சி. கந்தரப்பத்தைத் தின்ற எனக்குத் தெரியாதா என்று இவர். பணியாரத்துக்கு மிளகாய்த் துவையல் அரைத்தவளே நான்தான் என்று அவர். மாப்பிள்ளை, பெண் பெயர் இருவருக்குமே மறந்துபோய்விட்டது. பலகாரம் மட்டும் மறக்கவில்லை.

அன்றோடு பேச்சு நின்றது. ஐயா முகப்பைவிட்டு நகரவில்லை. ஆச்சி இரண்டாங்கட்டைவிட்டு வரவில்லை. இடையில் தூது போக அகப்பட்டவன் பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த பேரன். “ஐயாவைச் சாப்பிட வரச் சொல்.” பையன் வளவைத் தாண்டி, முற்றத்தைச் சுற்றி, முகப்புக்கு ஓடுவான். “பசி இல்லை என்று சொல்.” திரும்ப ஓடுவான். “பசி இல்லையென்றால் காலையில் தின்ற இட்லி எங்கே போயிற்றாம், கேட்டுக்கொண்டு வா.” மறுபடியும் ஓடுவான். “கணக்குப் பார்த்துச் சோறு போடுகிற வீட்டில் எனக்குச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்.” இந்த ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இருக்கிறதே, பார்க்க அழகு, அவசரமாக ஓடினால் சறுக்கும். பையன் ஒருமுறை விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். அதற்கும் இரண்டு பக்கமிருந்தும் குற்றச்சாட்டு: “உன்னால்தான் பிள்ளை விழுந்தான் என்று போய்ச் சொல்.” விழுந்தவனே அதையும் சுமந்துகொண்டு போனான்.

இரண்டாம் நாள் மத்தியானம் பையனுக்கு ஞானம் பிறந்தது. ஆச்சி சொல்லி அனுப்பியது இது: “வந்தால் வரட்டும், வராவிட்டால் அந்தத் தூணையே கட்டிக்கொண்டு கிடக்கட்டும்.” பையன் பாதி வழியில், முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்து, தூணைப் பார்த்தான், முழங்காலைப் பார்த்தான். பிறகு முகப்புக்கு நிதானமாக நடந்துபோய், “ஐயா, நீங்கள் சாப்பிடாமல் ஆச்சியும் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை” என்றான். ஐயா பேரேட்டை மூடினார். அப்படியே நடந்து அடுப்படிக்கு வந்துசேர்ந்தார். அந்த நேரம் ஆச்சி என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? வாழையிலையை விரித்து வைத்து, இரண்டாவது முறையாகக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார்!

ஐயா நின்றார். ஆச்சி நிமிர்ந்தார். பையன் ஓடுவதற்குப் புழக்கடைக் கதவைப் பார்த்தான். அப்போது ஐயா கேட்டார்: “குழம்பில் சுண்டைக்காய் போட்டாயா?” ஆச்சி சொன்னார்: “உங்களுக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.” அவ்வளவுதான். கந்தரப்பமா, பணியாரமா என்பது கடைசி வரைக்கும் தீரவில்லை. அந்தப் பையன் இப்போது வெளியூரில் ஆயுள் காப்பீட்டு முகவராக இருக்கிறான். நல்ல வருமானம் என்று கேள்வி.

ஊடல் என்பது சாப்பாட்டில் உப்புப்போல அளவாக இருக்க வேண்டும், கொஞ்சம் கூடினாலும் கெட்டுவிடும் என்று வள்ளுவர் சொல்லிவிட்டார். இதில் ஆண் பெரியவனா, பெண் பெரியவளா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? வீட்டுக்கு வீடு வாசற்படி. அந்த ஐயா நேராக வந்து மன்னிப்புக் கேட்கமாட்டார், சுண்டைக்காயைக் கேட்பார். அந்த ஆச்சி நேராக மன்னித்தேன் என்று சொல்லமாட்டார், தனியாக எடுத்து வைப்பார். சுற்றிவளைத்துப் பேசுகிறவர்கள் பெண்கள் என்று சொல்கிறவர்கள் இந்தச் சுண்டைக்காய்க்குப் பதில் சொல்லட்டும்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மனித வாழ்வைப் பற்றி 1938இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். இன்னும் நடக்கிறது. நல்ல உறவுகள்தாம் மனிதரை மகிழ்ச்சியாகவும் உடல்நலத்தோடும் வைத்திருக்கின்றன என்பது அவர்கள் கண்ட முக்கியமான முடிவு. இதில் வேடிக்கை, தொடங்கியபோது அவர்கள் எடுத்துக்கொண்டது ஆண்களை மட்டும்தான். மனைவிமார்களைச் சேர்த்தது வெகுகாலம் கழித்து. முதலிலேயே எங்கள் இரண்டாங்கட்டுக்கு வந்து கேட்டிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

இரண்டாவது, பணம். இதைச் சுருக்கிக்கொள்கிறேன், வங்கி மேலாளர் நிறையச் சொல்லிவிட்டார். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஆண்கள் கொண்டுவிற்கப் போய் வருடக்கணக்கில் திரும்பாமல் இருந்த காலத்தில், இந்த வீடுகளை நடத்தியவர்கள் ஆச்சிமார்கள். மகனுக்குக் கல்யாணமானதும் ஒரே கூரையின் கீழ் அவனை வேறு வைத்துவிடுவது நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார் வழக்கம். தனி அடுப்பு, தனிச் செலவு, ஆண்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. மாமியார், மருமகள் சண்டையைக் குறைக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. கோவில் கணக்கிலும் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி, அதாவது ஒரே குடும்பக் கணக்கு. ஆகையால் யார் சம்பாத்தியம் என்று வீட்டில் சண்டை போடுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சம்பாத்தியம் என்றதும் ஒரு கணக்கு நினைவுக்கு வருகிறது. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019இல், இந்தியர்கள் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்குச் செலவிட்ட நேரம் சராசரியாக நாளைக்கு 299 நிமிடம். செய்கிற ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். ‘செய்கிற ஆண்கள்’ என்பதைக் கவனியுங்கள். 100 ஆண்களில் 26 பேர்தான் அந்தப் பட்டியலிலேயே வருகிறார்கள். மீதிப் பேர் தூண் மறைவில் இருக்கிறார்கள். அங்கே யாரோ சிரிக்கிறீர்கள், உங்களைத்தான் சொல்கிறேன்.

இந்த 299 நிமிடத்தில் கொஞ்சம் குறைந்தால் ஆச்சிமார்கள் எங்கே போய் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவார்கள்? அதைத்தான் நான் கேட்க வந்தேன். அந்தக் காலத்தில் ஊருணிப் படித்துறை இருந்தது. காலையில் குடத்தோடு பெண்கள். சாயங்காலம் கரையில் ஆண்கள். எந்த வீட்டில் என்ன வருத்தம் என்பது தண்ணீரோடு சேர்ந்து ஊருக்குள் வரும்; யாராவது பெரியவர் போய்ச் சமாதானம் செய்துவைப்பார். வீட்டுக்கு வீடு வாசற்படி என்று ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லித் தேற்றிய இடமே அதுதான். இன்றைக்கு நம் ஊருணியைப் போய்ப் பாருங்கள். படித்துறையில் மூன்று படிதான் தெரிகிறது. மற்றதெல்லாம் மண். உள்ளே ஆள் உயரத்துக்குச் சீமைக் கருவேலம். ஊருணிக்குத் தண்ணீர் வருகிற வரத்துக்கால் எங்கே என்று பிள்ளைகளைக் கேட்டால், குப்பை கொட்டுகிற பள்ளத்தைக் காட்டுகிறார்கள்.

நம் முன்னோர் இதை எப்படிச் செய்திருந்தார்கள்! வறண்ட செம்பொறை மண். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழைதான் நமக்கு வாழ்வு. ஓட்டுக்கூரைத் தண்ணீர் முற்றத்துக்கு இறங்கும். அங்கே அண்டாவில் பிடித்தது போக, மிச்சம் தெரு வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும். குடிக்க ஓர் ஊருணி, குளிக்க ஓர் ஊருணி. குடிதண்ணீர் ஊருணியில் கால் வைத்தால் ஊரே சண்டைக்கு வரும். பேரறிவாளன் கைச் செல்வத்துக்கு உவமை தேடிய வள்ளுவர்கூட நிறைந்த ஊருணியைத்தான் எடுத்தார். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் செட்டிநாட்டு ஊர்களைச் சேர்த்தபோது வீடுகளோடு இந்தத் தண்ணீர் ஏற்பாட்டையும்தான் சொன்னார்கள். நாம் வீட்டைப் படம் பிடிக்க விட்டுவிட்டு, ஊருணியைக் கருவேலத்துக்குக் கொடுத்துவிட்டோம்.

செயலாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார். ‘முதுமை’ என்று மூன்றாவது ஒன்று சொன்னேன். நம் நாட்டில் பெண்கள் ஆண்களைவிடச் சராசரியாகச் சில ஆண்டுகள் கூடுதலாக வாழ்கிறார்கள் என்பதை மட்டும் ஆண்கள் நினைவில் வைத்துக்கொண்டு, ஆச்சிமார்களிடம் இப்போதிருந்தே மரியாதையாக நடந்துகொள்ளுங்கள். மற்றதை அடுத்த ஆண்டு விழாவில் பேசிக்கொள்ளலாம்.

வேலைக்கு வருவோம். ஊருணியைச் சுத்தம் செய்ய ஊராட்சித் தலைவி அவர்கள் அனுமதி கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு இந்த மேடையிலேயே நன்றி. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வரத்துக்காலில் தொடங்குகிறோம். கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது, வேரோடு எடுக்க வேண்டும். அதற்கு இயந்திரம் வருகிறது. வாடகையில் பாதியைக் காரியக்காரர் ஐயா ஏற்றுக்கொண்டார். மீதிக்குச் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கிறேன். வரவுசெலவுக் கணக்கு தலைமையாசிரியை கையில். மண்ணள்ளவும் முள்ளை ஒதுக்கவும் வருவதாக ஆச்சிமார்கள் 40 பேர் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார்கள். அப்படியானால் அன்றைக்குக் காலைப் பலகாரமும் மத்தியானச் சாப்பாடும் யார் பொறுப்பு என்று ஆண்கள் கேட்கமாட்டீர்கள், ஆனால் நான் சொல்லிவிடுகிறேன்: உங்கள் பொறுப்பு. சமைக்க வருகிற ஆண்கள் மேடைக்கு இடப்பக்கம் இருக்கும் நோட்டில் பெயர் எழுதுங்கள். உப்புமா கிண்டத் தெரியும் என்று எழுதுகிறவர் பெயருக்கு எதிரே, அதைத் தின்று பார்த்த அவர் வீட்டு ஆச்சி கையெழுத்துப் போட வேண்டும்.