தராசும் களிமண்ணும் உரைகல்லும்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

பழங்கால வணிகத்தைப் பற்றிப் பேச எழும் எவரும் பெரும்பாலும் சரக்குகளிலிருந்தே தொடங்குவார்கள். பட்டு, மிளகு, முத்து, தந்தம், பொன் என்று அந்த வரிசை நீளும். கப்பல்களும் ஒட்டகங்களும் வரும். பின்னாலேயே அரசர்களும் வந்துவிடுவார்கள். இன்று நான் அவற்றைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தச் சரக்குகள் கைமாறிய இடத்தில் விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவே கிடந்த சிறு கருவிகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஒரு கோல், ஒரு கல், ஒரு பிடி களிமண், ஒரு முழம் கயிறு. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது, முன்பின் பழக்கமில்லை, மறுபடி சந்திப்போமா என்பதும் உறுதியில்லை என்ற நிலையில் இருவர் கொடுக்கல் வாங்கல் செய்ய வேண்டுமானால், இருவரும் தத்தம் கண்ணாலேயே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய ஏதோ ஒன்று அவர்களுக்கு நடுவில் இருந்தாக வேண்டும். இக்கருவிகள் எளியனவாக இருந்ததனாலேயே அந்தப் பணியைச் செய்ய முடிந்தது என்பது என் துணிபு. அக்கால மக்களுக்கு அறிவு அவ்வளவுதான் எட்டியது என்று சொல்லி இவற்றைக் கடந்து போவது பெரும் பிழை.

தராசையே முதலில் எடுத்துக்கொள்வோம். கோலின் நடுவில் ஒரு கயிறு, இரு முனைகளிலும் இரண்டு தட்டுகள், அவ்வளவுதான். எதையும் மறைத்து வைக்க அதில் இடமே இல்லை. கோலின் ஒரு கை நீளமாக இருக்குமோ என்று ஐயம் எழுந்தால், சரக்கையும் எடைக்கல்லையும் தட்டு மாற்றி வைக்கச் சொன்னால் போதும். நல்ல கோலாக இருந்தால் மறுபடியும் நேராக நிற்கும். கள்ளக்கோலாக இருந்தால் அந்தக் கணமே சாய்ந்து காட்டிக் கொடுத்துவிடும். இந்தச் சோதனைக்கு எழுத்தறிவு வேண்டாம், மொழி வேண்டாம், நடுவர்கூட வேண்டாம். ஆகவே ஐயமெல்லாம் கோலை விட்டுக் கல்லின்மேல் திரும்பும். அந்தக் கல்லைச் சிந்துவெளி மக்கள் எவ்வாறு செய்தார்கள் என்பதை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும்.

கி.மு. 2600 முதல் 1900 வரை செழித்திருந்த அந்நாகரிகத்தின் நகரங்களில், மொகஞ்சதாரோவாகட்டும், அரப்பாவாகட்டும், கடலோரத்து லோத்தலாகட்டும், ஒரே முறையில் அமைந்த எடைக்கற்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை செர்ட் என்னும் மிகக் கடினமான கல்லைச் சிறு கனசதுரங்களாக வெட்டி, வழவழப்பாகத் தேய்த்துச் செய்யப்பட்டவை. அவற்றின்மேல் பொதுவாக எழுத்தோ குறியோ இருப்பதில்லை. சிறிய கல் ஏறத்தாழ 0.86 கிராம், அதற்குமேல் 2, 4, 8, 16, 32, 64 என்று ஒவ்வொன்றும் முந்தியதன் இருமடங்கு. பதினாறு மடங்குடைய கல் சுமார் 13.7 கிராம் எடை கொண்டது. இந்த இரட்டிப்பு வரிசையின் அழகை வீட்டில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு கல், ஆக ஏழே கற்கள் கையில் இருந்தால், 1 முதல் 127 வரை எந்த முழு அளவையும் நிறுத்துவிடலாம். 45 வேண்டுமா? 32, 8, 4, 1 ஆகிய நான்கு கற்களைத் தட்டில் வைத்தால் தீர்ந்தது. கனசதுர வடிவத்துக்கும் பயன் உண்டு. கூர்மையான விளிம்பில் சிறு சில்லுப் பெயர்ந்தாலும் வாங்குபவனின் கண்ணுக்கும் விரலுக்கும் உடனே தெரிந்துவிடும். உருண்டைக் கல்லில் அப்படிக் கண்டுபிடிப்பது அரிது.

இந்த அளவை கடல் கடந்தும் சென்றது. இன்றைய பஹ்ரைனில், அதாவது இன்றைய ஈராக் பகுதியில் வாழ்ந்த மெசொப்பொத்தேமியர் தில்முன் என்றழைத்த வணிகத் தீவில், சிந்துவெளி எடைக்கற்கள் கிடைத்துள்ளன. மெசொப்பொத்தேமியாவில் 'ஊர்' என்றே பெயர் கொண்ட நகரத்துக் களிமண் பலகை ஒன்று, தில்முனில் பெற்ற செம்பைத் தில்முன் எடையிலும் ஊர் நகரத்து எடையிலும் கணக்கிட்டு எழுதியிருக்கிறது. இரண்டு ஊர்களின் எடை வேறுவேறு என்பது பகை அன்று, ஒரு கணக்கு மட்டுமே என்று அந்த எழுத்தர் எண்ணியிருக்கிறார். அந்த மனநிலை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. துருக்கியின் தென்கரையில் உலுபுருன் முனைக்கு அருகே 1982-இல் கடற்பஞ்சு எடுக்கச் சென்றவர் ஒருவர் கண்டுபிடித்த கப்பலும் இதையே சொல்கிறது. கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் மூழ்கிய அக்கப்பலில் சுமார் 10 டன் செம்பும் 1 டன் வெள்ளீயமும் இருந்தன. வெண்கலம் வார்க்க வேண்டிய விகிதமும் அதுதான். அதே கப்பலில் ஏறத்தாழ 150 எடைக்கற்களும் கிடைத்தன. அவை ஒரே தொகுதியைச் சேர்ந்தவை அல்ல, பல தொகுதிகள். கப்பலில் இருந்த வணிகர்கள் ஆளுக்கொரு தொகுதியைத் தம்முடன் வைத்திருந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிறன் கல்லைத் தன் கல்லோடு தட்டில் ஏற்றிப் பார்த்த பிறகே பேரம் தொடங்கியிருக்கும்.

இனி களிமண்ணுக்கு வருவோம். லோத்தலில், மூட்டைகளைக் கட்டிய கயிற்றின் முடிச்சில் அப்பி முத்திரை குத்திய களிமண் துண்டுகள், சரக்கறை தீப்பிடித்தபோது சுட்டுக் கெட்டியாகி நமக்காகத் தங்கியிருக்கின்றன. முன்புறத்தில் முத்திரை, திருப்பினால் கயிற்றின் முறுக்கும் துணியின் நெசவும் பிசகாமல் பதிந்திருக்கும். மூட்டை மட்கிப் போய் நாலாயிரம் ஆண்டுகள் ஆகியும், அதன் முதுகுப்புறம் நம் கையில் இருக்கிறது! முடிச்சை அவிழ்க்க வேண்டுமானால் மண்ணை உடைத்தே ஆக வேண்டும், உடைத்த மண்ணை ஒட்டவும் முடியாது. வழியில் யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு இதைவிட மலிவான சான்று வேறில்லை.

மெசொப்பொத்தேமியாவிலும் ஈரானின் சூசாவிலும் கி.மு. 3500 அளவில் இதே களிமண் கணக்குப் பிள்ளையின் வேலையையும் பார்த்தது. கூம்பு, உருண்டை, வில்லை என்று சிறு மண்காய்களைச் செய்து, இத்தனை ஆடு, இத்தனை மரக்கால் தானியம் என்று அவற்றால் எண்ணி, உள்ளீடற்ற மண் உருண்டைக்குள் இட்டு மூடி முத்திரை வைத்தார்கள். ஆனால் உள்ளே எத்தனை என்று பார்க்க உருண்டையை உடைக்க வேண்டியிருந்தது. ஆகவே மூடுவதற்கு முன் அக்காய்களை வெளிப்புறத்தில் அழுத்தி அடையாளம் பதித்தார்கள். வெளியிலேயே கணக்குத் தெரியும்போது உள்ளே காய் எதற்கு? அந்தக் கேள்வியிலிருந்துதான் மெசொப்பொத்தேமிய எழுத்து பிறந்தது என்று டெனிஸ் ஷ்மாண்ட்-பெசரா என்ற அறிஞர் வாதிட்டார். எல்லோரும் அதை முழுமையாக ஏற்கவில்லை என்றாலும், எழுத்தின் தொட்டிலுக்கு அருகே வணிகக் கணக்கு நின்றிருந்தது என்பதில் ஐயமில்லை. பிற்காலத்தில், கி.மு. 19-ஆம் நூற்றாண்டில், அசூர் நகரிலிருந்து கழுதைகளில் வெள்ளீயமும் துணியும் ஏற்றிக்கொண்டு அனத்தோலியாவின், அதாவது இன்றைய துருக்கியின், கானேசுக்குச் சென்ற வணிகர்கள், ஒப்பந்தப் பலகையை மண்ணாலான உறைக்குள் வைத்து, உறையின்மேலும் அதே செய்தியை எழுதிச் சாட்சிகளின் முத்திரையைப் பதித்தார்கள். வழக்கு வந்தால் உறையை உடைத்து, உள்ளே இருப்பதோடு ஒத்துப் பார்க்கலாம்.

இங்கிலாந்தில் இதே எண்ணம் மரத்தில் வந்தது. குச்சியின் குறுக்கே தொகைக்கேற்ற அகலத்தில் வெட்டுகள் இட்டு, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொண்டார்கள். ஒரு பாதியில் புதிதாக வெட்டுச் சேர்த்தால் மறு பாதி காட்டிக் கொடுக்கும். மரத்தின் வரியைப் போலி செய்வதோ இயலாத காரியம். அரசாங்கக் கருவூலமே 1826 வரை இந்தக் குச்சிகளைக் கைவிடவில்லை.

சுமக்கும் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எகிப்தின் செங்கடற்கரையில் குசேர் அல்-காதிம் என்னுமிடத்தில் கிடைத்த, சுமார் 2,000 ஆண்டுப் பழமையுடைய பானை ஓடு ஒன்றில் தமிழ் பிராமி எழுத்தில் 'பானை ஒறி' என்றிருப்பதை ஐராவதம் மகாதேவன் படித்துக் காட்டினார். கயிற்றால் பின்னிப் பானையைத் தொங்கவிடும் அதே உறிதான். ரோமில் மோன்டே டெஸ்டாச்சியோ என்று சுமார் 35 மீட்டர் உயரத்தில் ஒரு குன்றே இருக்கிறது; முழுவதும் எண்ணெய்ச் சாடிகளின் உடைசல். பெரும்பாலும் தென் ஸ்பெயினிலிருந்து ஆலிவ் எண்ணெய் ஏற்றி வந்தவை. வெறும் சாடி சுமார் 30 கிலோ, அதிலுள்ள எண்ணெய் சுமார் 70 கிலோ. இந்த இரண்டு எடைகளையும் சாடியின்மேலேயே மையால் எழுதி அனுப்பினார்கள். துறைமுகத்தில் யார் வேண்டுமானாலும் தூக்கி நிறுத்துப் பார்த்துக்கொள்ளலாம். நடு அமெரிக்காவிலோ வண்டி இழுக்க விலங்கில்லை. நெற்றியில் பட்டை மாட்டி முதுகில் மனிதரே சுமந்தனர். அதனால் நெடுந்தூரம் சென்றவை பெரும்பாலும் எரிமலைக் கண்ணாடிக் கத்திகள், பறவை இறகுகள், கக்காவோ கொட்டை போன்ற, எடை குறைந்து மதிப்பு மிகுந்த சரக்குகளே.

அரசுகள் வலுத்தபோது அளவைகளைத் தம் கையில் எடுத்துக்கொண்டன. சீனத்தின் சின் நாட்டு அமைச்சர் சாங் யாங் கி.மு. 344-இல் செய்வித்த வெண்கலப் படி ஒன்று, ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் கொள்வது, இன்றும் ஷாங்காய் அருங்காட்சியகத்தில் உள்ளது. கி.மு. 221-இல் நாடு முழுவதையும் ஒருங்கிணைத்த பேரரசரின் ஆணை பின்னர் அதன் அடியில் பொறிக்கப்பட்டது. எனக்கு அந்த ஆணையைவிட, செய்த நாளிலேயே பக்கத்தில் பொறித்த வரிதான் பெரிதாகப் படுகிறது: இப்படியின் கொள்ளளவு பதினாறே ஐந்திலொரு கன சுன். சுன் என்பது சீனர்களின் நீள அளவு. அளவுகோல் வைத்திருக்கும் எவரும் நீளம், அகலம், ஆழம் அளந்து பெருக்கி, அமைச்சரின் படியையே சோதித்துவிடலாம்.

இறுதியாக, என் நெஞ்சுக்கு மிக நெருக்கமான ஒரு கல். பொன்னின் மாற்றை, அதாவது அதன் தூய்மையை, அறிய உரைகல்லைப் பயன்படுத்தும் முறை எங்கும் ஒன்றே. கருங்கல்லில் பொன்னை இழுத்து ஒரு கோடு, மாற்று அறிந்த பொன்னால் பக்கத்தில் இன்னொரு கோடு. இரண்டின் நிறமும் ஒத்திருக்கிறதா என்று இருவரும் குனிந்து பார்ப்பார்கள். தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில், குவான் லுக் பாட் என்ற பழைய துறைமுகத்தில், அத்தகைய சிறு உரைகல் ஒன்று கிடைத்தது. கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். அதில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கிறது. கடல் கடந்து போன ஒரு பொற்கொல்லர், அயலூர்ச் சந்தையில் பிறர் கல்லோடு கலந்துவிடாமலிருக்கத் தம் கல்லில் தம் பெயரை எழுதி வைத்திருக்கிறார்.