பிரதமர் போனை ஒட்டுக் கேட்டவர்களைக் காட்டிக் கொடுத்த எஸ்எம்எஸ்!

ஒரு நாட்டின் பிரதமர் போனில் பேசியதை யாரோ மாதக்கணக்கில் ஒட்டுக் கேட்டிருக்கிறார்கள். எந்த வழியாகத் தெரியுமா? போலீசுக்காகவே வைத்த வழி!

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். நீதிமன்ற உத்தரவோடு போலீஸ் வந்தால் தொலைபேசி நிறுவனம் அழைப்பைக் கேட்கத் தர வேண்டும். அதற்குத் தோதாகவே நெட்வொர்க்கை அமைக்க வேண்டும் என்று அமெரிக்கா 1994-லேயே சட்டம் போட்டது. பல நாடுகளிலும் இப்படித்தான். குற்றவாளியைப் பிடிக்க வேண்டாமா? வேண்டும். சரி, கதைக்கு வருவோம்.

2004, ஒலிம்பிக்ஸ் நடந்த ஏதென்ஸ். வோடபோன் கிரீஸின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் அந்த ஒட்டுக் கேட்கும் வசதி ஒரு சாப்ட்வேர் அப்டேட்டோடு ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது. ஆனால் யாருடைய பேச்சைக் கேட்கிறார்கள் என்று பதிவு வைக்கும் மென்பொருளை நிறுவனம் வாங்கவே இல்லை. அதாவது கதவு இருக்கிறது, வாசலில் வருகைப் பதிவேடு இல்லை! யாரோ உள்ளே புகுந்து, தங்கள் புரோகிராமைச் செருகி, அந்த வசதியைச் சத்தமில்லாமல் ஆன் செய்துவிட்டார்கள். பிரதமர் கோஸ்டாஸ் கரமான்லிஸ், அமைச்சர்கள் என்று 100-க்கும் மேற்பட்ட எண்கள். அவர்கள் பேசப் பேச, அதன் நகல் 14 பிரீபெய்ட் போன்களுக்குப் போனது.

எப்படி மாட்டினார்கள்? இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். 2005 ஜனவரியில் தங்கள் புரோகிராமை அவர்களே அப்டேட் செய்தார்கள். சொதப்பிவிட்டது. சம்பந்தமே இல்லாதவர்களின் எஸ்எம்எஸ்கள் போய்ச் சேரவில்லை. ஏன் என்று எக்ஸ்சேஞ்சைத் தயாரித்த எரிக்சன் தோண்டியபோது, சுமார் 6,500 வரி கள்ள புரோகிராம் கையோடு வந்தது. அப்டேட் போட்டால் பாழாகிறது என்று புலம்புகிறீர்களே, ஒற்றனுக்கும் அதே கதிதான்!

இந்த விவாதம் வந்தாலே தராசுப் படம் போடுகிறார்கள்: ஒரு தட்டில் தேசப் பாதுகாப்பு, இன்னொன்றில் பிரைவசி. எனக்கு அந்தப் படமே தப்பாகத் தெரிகிறது. கரமான்லிஸின் பிரைவசி போனபோது கிரீஸின் பாதுகாப்பும் சேர்ந்துதானே போனது?

போலீசுக்கென்று தனி வழி கேட்பது போன் அழைப்போடு நிற்கவில்லை. 2016-இல் ஒரு ஐபோனைத் திறக்கத் தனி மென்பொருள் எழுதித் தா என்று அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ கேட்டு, ஆப்பிள் மறுத்து, கோர்ட் வரை போனது நினைவிருக்கும்.

அப்புறம் 2024. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களுக்குள் சீன ஹேக்கர்கள் புகுந்தார்கள். போலீசுக்கான ஒட்டுக் கேட்பு அமைப்புகளையும் விட்டுவைக்கவில்லை. உடனே அதிகாரிகள் மக்களுக்குச் சொன்ன யோசனை: மறையாக்கம் (நடுவில் யார் எடுத்தாலும் புரியாதபடி பேச்சைப் பூட்டுவது) உள்ள ஆப்களில் பேசுங்கள். சொன்னவர்களில் எஃப்பிஐ அதிகாரியும் ஒருவர். நான் இரண்டு முறை படித்துப் பார்த்தேன், அதே எஃப்பிஐதான்! உங்களுக்கும் சிரிப்பு வந்ததா? கமெண்டில் சொல்லுங்கள்.