எட்டு முழ வேட்டியும் 7 கிலோ பையும்

ஐதராபாத்தில் வசிக்கும் நேயர் ஒருவர் அனுப்பிய கேள்வி, நேற்று இராமேசுவரத்துக்கு அருகிலுள்ள எங்கள் மண்டபம் ஊர்க் கரையில் மாலை நடை போனபோதும் என்னை விடவில்லை. "கைப்பை ஒன்றே போதும் என்று ஓயாமல் சொல்கிறீர்கள். நானும் மனைவியும் விமானத்தில் மதுரைக்கு வந்து, இராமேசுவரத்தில் தீர்த்தமாடி, மூன்றாம் நாள் திரும்புகிறோம். நனைந்த துணியை 7 கிலோவுக்குள் எப்படி அடக்குவது?" என்று கேட்டிருக்கிறார்.

எத்தனை துணி என்று கேட்டிருந்தால் ஒரே வரியில் முடித்திருப்பேன். இவர் ஈரத்தைப் பற்றிக் கேட்டிருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. விமானத்துக்குள் கையோடு கொண்டுபோக விடும் அந்த 7 கிலோவில் பையின் எடையும் அடங்கும் என்பதும், சக்கரம் வைத்த பெட்டியே இரண்டரை கிலோவை விழுங்கிவிடும் என்பதும் பழைய நேயர்களுக்குத் தெரியும். ஆகவே நேரே துணிக்கு வருகிறேன்.

அக்னி தீர்த்தக் கடலில் முழுகிய பிறகே கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களுக்குச் செல்வது வழக்கம். உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால், கடல்நீரில் நனைந்த துணி எங்கள் பகுதியில் இரவெல்லாம் கொடியில் கிடந்தாலும் பிசுபிசுப்பு போகாது. உள்ளே வாளி வாளியாகத் தலையில் ஊற்றும் கிணற்று நீர் அந்த உப்பை அலசிவிடுகிறது. தீர்த்தமாடி முடித்ததும் ஈர உடையுடன் சன்னதிக்குள் விடமாட்டார்கள். எனவே மாற்றுடை கட்டாயம் வேண்டும். ஒன்று போதும், நான்கு வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன், சென்னையில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், நானே எட்டு முழ வேட்டியையும் தடித்த பூத்துவாலையையும் பிழிந்து பைக்குள் திணித்துக்கொண்டு போனேன். வீட்டில் ஆறரை கிலோவாக இருந்த பை, விமான நிலையத்தில் எட்டை நெருங்கியது. ஒரு கருவாட்டுத் துண்டுகூட நான் வாங்கியிருக்கவில்லை! மகள் வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தபோது, காய்ந்தால் அரைக் கிலோவைத் தொடாத அந்தத் துவாலை, ஈரத்தோடு ஒரு கிலோவைத் தாண்டி நின்றது.

அன்றிலிருந்து எனக்கு ஈரிழைத் துண்டும் நாலு முழ வேட்டியும்தான். ஈரிழைத் துண்டு பிழிந்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். விடுதி மாடியில் கடற்காற்றுக்குக் கட்டிவைத்தால், நீங்கள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் காய்ந்திருக்கும். என் மனைவி தீர்த்தமாடுவதற்கென்றே ஆழ்ந்த நிறத்தில், மெல்லிய செயற்கை இழையாலான பூனம் சேலை ஒன்றை வைத்திருக்கிறார். பயணம் எத்தனை நாள் என்று எண்ணாதீர்கள், துணி எத்தனை மணி நேரத்தில் காயும் என்று பாருங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும், "மூன்று நாளைக்கு எத்தனை சட்டை?" என்றே நேயர்கள் கேட்கிறார்கள்.

அந்த நேயர் கேட்காமல் விட்டது, திரும்பும்போது பையில் எதைச் சேர்ப்பது என்பதுதான். தனுஷ்கோடி மணலில் பவளக்கல் கிடந்தாலும், கடையில் யாராவது நீட்டினாலும் தொடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம், உச்சப் பாதுகாப்பு பெற்ற உயிரினங்களுக்கான முதல் அட்டவணையில் இருக்கிறது. பனையோலைக் கொட்டான் வாங்குங்கள், அதற்கு எடையே கிடையாது. அதற்குள் அரைக் கிலோ கருப்பட்டி வைக்கலாம், துண்டு காய்ந்திருந்தால்.