அச்சுக்கு அனுப்புமுன் தரவைத் துப்புரவாக்குவது

வணக்கம் நேயர்களே. பெரும்போகம் நெருங்கும்போது மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கமக்கார அமைப்புகளில் உறுப்பினர் பட்டியல் தரவுத்தளத்திலிருந்து அச்சுக்குத் தயாராகும். யாருக்கு எத்தனை ஏக்கர், எத்தனை மூட்டை உரம் என்று. அதில் ஒரு பெயர் விடுபட்டால், அந்த மனிதர் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்புவார். அதனால்தான் அறிக்கையின் அழகைப் பார்க்குமுன் தரவைப் பாருங்கள் என்கிறேன்.

கொக்கட்டிச்சோலை என்ற ஊர்ப் பெயரையே எடுங்கள். முதலெழுத்தான 'கொ'வில் கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் பதிவாகலாம், இரண்டு குறியீடாகவும் பதிவாகலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் பல தரவுத்தளங்கள் அவற்றை இரண்டு ஊராக எண்ணி, இரண்டு இடத்தில் மொத்தம் போடும். எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோடில் என்.எஃப்.சி. என்றொரு சீராக்கும் முறை உண்டு, அது இரண்டையும் ஒன்றாக்கும். போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் 13ஆம் பதிப்பிலிருந்து நார்மலைஸ் என்ற கட்டளை இதற்கென்றே இருக்கிறது. பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டிய வெற்றிடத்தையும் அப்போதே வெட்டிவிடுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பதிவுகள் உள்ளே ஆங்கில எழுத்தாகவே கிடக்கும். அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றவேண்டும்.

அடையாள அட்டை இலக்கமும் அப்படித்தான். ஒரே ஆள் பழைய 9 இலக்கத்தில் ஒருமுறை, புதிய 12 இலக்கத்தில் ஒருமுறை பதிவாகியிருப்பார். பழையதன் கடைசியில் உள்ள ஆங்கில எழுத்தை நீக்கி, முன்னால் 19, பிறகு முதல் ஐந்து இலக்கம், அடுத்து ஒரு 0, பின் மிச்சம் நான்கு இலக்கம் என்று எழுதினால் புதியது வந்துவிடும். எல்லாவற்றையும் 12க்கு மாற்றியபின் இரட்டிப்பைத் தேடுங்கள்.

பெரிய பிழை கூட்டுத்தொகையில்தான் வரும். ஒருவருக்கு 3 துண்டு வயல், 2 தடவை உரம் என்று வையுங்கள். உறுப்பினர், வயல், உரம் என்ற மூன்று அட்டவணையையும் ஒரே குவெரியில், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் ஒரே கேள்வியில், இணைத்தால் 6 வரி வரும். ஏக்கர் இரண்டு மடங்கு, உரம் மூன்று மடங்கு. வயலைத் தனியாக, உரத்தைத் தனியாகக் கூட்டி, ஆளுக்கு ஒரு வரியாக்கியபின் இணையுங்கள். உரம் எடுக்காதவரும் பட்டியலில் நிற்க, உறுப்பினர் அட்டவணையை இடப்பக்கம் வைத்து, இடப்பக்க வரி எதையும் விடாத லெஃப்ட் ஜொயின் என்ற இணைப்பைப் போடுங்கள்.

இத்தனையையும் மூலத்தில் கைவைக்காமல், தனி அட்டவணையில் பிரதியெடுத்துச் செய்யுங்கள். அச்சு ஓடும்போது யாராவது புதிதாகப் பதிந்தாலும் பக்கங்கள் முரண்படாது. பிறகு கடைசிப் பக்கத்தை மட்டும் ஒரு ஏ4 தாளில் எடுத்து, அதிலுள்ள மொத்த ஆள் எண்ணிக்கையைத் துப்புரவாக்கிய உறுப்பினர் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். சரியாக இருந்தால் மிச்சத்தை அச்சுக்குக் கொடுங்கள்.